உமி-ஆ-லீலோவா: பழைய ஹவாய்த் தலைவரைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வாசகர் வட்டத்தில் ஒருமுறை ஹவாய்த் தீவின் பழைய தலைவர் ஒருவரின் கதையைச் சொன்னேன். அரை மணி நேரப் பேச்சு. அதற்கு வந்த கேள்விகள் மட்டும் இன்னும் ஓயவில்லை. தொலைபேசியில், டீக்கடையில், திருமண வீட்டுப் பந்தியில் என்று திரும்பத் திரும்ப அதே சந்தேகங்கள். எல்லாவற்றையும் ஓரிடத்தில் எழுதி வைத்துவிட்டால் வாய் வலிக்காது என்பதால் இந்தப் பக்கம். கேள்விகளைக் கூடியவரை கேட்டவர்களின் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன்.

முதலில், யார் இந்த உமி? நெல் உமிக்கும் இவருக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா?

சம்பந்தம் எதுவும் இல்லை; ஒலி மட்டும்தான் ஒன்று. ஹவாய் மொழியில் ‘உமி’ என்றால் பத்து. மூச்சை அடைப்பது, நெரிப்பது என்ற பொருளும் உண்டு. ‘உமி-ஆ-லீலோவா’ என்பதில் நடுவில் இருக்கும் ‘ஆ’வுக்கு ‘உடைய’ என்று பொருள். ஆக, லீலோவாவின் மகன் உமி.

பசிபிக் பெருங்கடலில் உள்ள ஹவாய்த் தீவுக்கூட்டத்தில் மிகப் பெரிய தீவின் பெயரும் ஹவாய்தான். அந்தப் பெரிய தீவு முழுவதையும் ஆண்ட தலைவர் உமி. ஐரோப்பியர் அங்கே கால் வைப்பதற்குப் பல தலைமுறைகள் முன்பு வாழ்ந்தவர். தகப்பனார் லீலோவா வைப்பியோ பள்ளத்தாக்கிலிருந்து ஆட்சி செய்தார். தீவின் வடகிழக்குக் கரையில், இரு பக்கமும் செங்குத்தான மலைச்சுவர்கள் நிற்க, நடுவே ஆறு ஓடும் பள்ளத்தாக்கு அது. தரை முழுவதும் நீர் தேங்கிய சேம்பு வயல்கள். அந்த மக்களுக்குச் சேம்புதான் சோறு.

அலிஇ என்கிறீர்களே, அது ராஜாவா, ஜமீன்தாரா?

இரண்டும் சரியாகப் பொருந்தாது. ‘அலிஇ’ என்பது பிறப்பால் வரும் தலைவர் வகுப்பு. அதற்குள்ளேயே பல படிகள். ஒரு தீவையோ பெரும் பகுதியையோ ஆள்பவர் ‘அலிஇ நூயி’, அதாவது பெருந்தலைவர். உழுபவர்களும் மீன் பிடிப்பவர்களும் ‘மகா-ஆயினானா’. நிலம் யாருக்கும் சொந்தம் இல்லை. புதிய பெருந்தலைவர் வந்ததும் நிலத்தைத் தமக்குக் கீழே உள்ள தலைவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பார். எனவே ஒவ்வொரு தலைவரின் மரணத்தின்போதும் தீவே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். யாருக்கு எது கிடைக்கும், யாரிடமிருந்து எது பறிபோகும் என்பது அடுத்து வருபவரின் கையில்.

இவர்களைச் சுற்றி ‘கப்பு’ என்ற விலக்குகள் இருந்தன. மிக உயர்ந்த பிறப்புள்ள தலைவர் வெளியே வந்தால் எதிரில் இருப்பவர்கள் தரையில் குப்புற விழ வேண்டும், தவறினால் மரணம். அப்படிப்பட்ட தலைவர்கள் பகலில் நடமாடினால் ஊர் வேலையே நின்றுவிடும் என்பதால் இரவில்தான் வெளியே போவார்களாம்.

அப்பா ராஜா, அம்மா சாதாரணப் பெண் என்பது உண்மையா?

கதை இப்படிப் போகிறது. ஹமாக்குவா கரையில் கோஹோலாலேலே என்ற ஊரில் ஒரு கோயிலுக்கு அர்ப்பணச் சடங்கு நடத்திவிட்டு லீலோவா திரும்பிக்கொண்டிருந்தார். வழியில் ஓர் ஓடையில் குளித்துவிட்டு வந்த பெண்ணைப் பார்த்தார். பெயர் அக்காஹி-ஆ-குலேயானா. இருவரும் கூடினார்கள். ஆண் பிள்ளை பிறந்தால் உமி என்று பெயர் வைக்கச் சொன்னார். பெண் பிறந்தால் தாய்வழிப் பெயர் வைத்துக்கொள்ளலாம் என்றார். தம் மாலோவை, அதாவது இடுப்பில் கட்டும் மரப்பட்டைத் துணியை அவிழ்த்துக் கொடுத்தார். கூடவே திமிங்கலப் பல் பதக்கத்தையும் தம் கைத்தடி ஆயுதத்தையும் கொடுத்தார்.

துணியைக் கொடுத்துவிட்டதால் டீ இலைகளைக் கட்டிக்கொண்டு நடந்தார். இந்த டீ தேயிலை அல்ல, நீண்டு அகன்ற இலையுள்ள ஒரு செடி. பெருந்தலைவர் இலை கட்டிக்கொண்டு வருவதைப் பார்த்த பரிவாரம், இவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்தது. எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த காட்சி இதுதான். காரணம் அவர்களுக்குப் புரியப் பல வருடங்கள் ஆயின.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். அக்காஹி வாழ்ந்தது சாதாரண வாழ்க்கை. ஆனால் வம்சாவளி சொல்பவர்கள் அவரை வெறும் குடிமகளாக விடுவதில்லை. லீலோவாவும் அக்காஹியும் கானிப்பஹு என்ற பழைய தலைவரின் இரு வேறு மனைவியரின் வழியில் வந்தவர்கள் என்கிறார்கள். அந்தக் கானிப்பஹுவுக்கும் ஒரு கதை உண்டு. எதிரியால் துரத்தப்பட்டு மொலோக்காய் தீவில் அடையாளம் மறைத்து, காவடியில் தண்ணீர் சுமந்து பிழைத்தார். பிறகு நாட்டுக்குத் திரும்ப அழைத்தபோது, தோளில் காய்த்துப்போன திமிலைக் காட்டி, வர வெட்கமாக இருக்கிறது என்று மறுத்துவிட்டு மகனை அனுப்பினார். சுமைத் தழும்போடு வாழ்ந்த தலைவரின் வழியில்தான் உமியும் வருகிறார் என்பதைக் கதைசொல்லிகள் சும்மா வைத்திருக்க மாட்டார்கள்.

அப்பாவை எப்படிக் கண்டுபிடித்தார்?

அம்மாவின் கணவரைத்தான் தந்தை என்று நினைத்து வளர்ந்தார். உணவை எடுத்து மற்ற சிறுவர்களுக்கு அள்ளிக் கொடுத்ததற்காக அந்த மனிதர் அவரை அடிப்பது வழக்கம். ஒருநாள் தாய் பொறுக்க முடியாமல், அடிக்காதே, அவன் உன் மகன் அல்ல, தலைவரின் மகன் என்று சொல்லி அடையாளங்களை எடுத்து வைத்தார். அடித்தவர் எப்படி நடுங்கியிருப்பார் என்பதை நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள்.

உமி வைப்பியோவுக்குக் கிளம்பினார். வழியில் ஓமாவோகமாவு, பியிமைவா, கோயி ஆகிய தோழர்கள் சேர்ந்தார்கள். மூன்று பேரையும் நினைவில் வையுங்கள், பின்னால் வேலை இருக்கிறது. தாய் சொல்லி அனுப்பியபடி, வாசல் வழியாகப் போகாமல் வேலியைத் தாண்டிக் குதித்து, காவலர்களுக்கு நடுவே ஓடி, நேராகப் போய் லீலோவாவின் மடியில் உட்கார்ந்தார். இதில் ஒவ்வொரு செயலுக்கும் தண்டனை மரணம். மகன் என்றால் மட்டும் தண்டனை கிடையாது. அவர் சொன்ன விடை அந்தச் செயலிலேயே இருந்தது. யார் நீ என்று லீலோவா கேட்க, உமி பெயரைச் சொல்லி அடையாளங்களைக் காட்டினார். இலை கட்டிக்கொண்டு வந்த நாளின் பொருள் அப்போதுதான் பரிவாரத்துக்கு விளங்கியது.

லீலோவா நாட்டை மூத்தவனுக்குக் கொடுத்துவிட்டு உமிக்கு ஒரு சாமியை மட்டும் கொடுத்தாராமே. இது ஓரவஞ்சனை இல்லையா?

மேலோட்டமாகப் பார்த்தால் அப்படித்தான் தெரியும். மூத்த மகன் ஹாக்காவு உயர்குலத் தாய்க்குப் பிறந்தவர். நிலமும் ஆட்சியும் அவருக்கு. உமிக்குக் கிடைத்தது கோயில்களின் பொறுப்பும் கூக்காயிலிமோக்கு என்ற போர்த்தெய்வமும். அந்தப் பெயருக்குப் பொருள் ‘நிலத்தைப் பறிக்கும் கூ’; கூ என்பது தெய்வத்தின் பெயர். நிலம் ஒருவருக்கு, நிலத்தைப் பறிக்கும் தெய்வம் இன்னொருவருக்கு. இதைவிடத் தெளிவாகச் சண்டைக்கு நாள் குறிக்க முடியாது.

இது ஒருமுறை நடந்துவிட்டுப் போன விஷயமும் அல்ல. 1780-ல், அதே வைப்பியோ பள்ளத்தாக்கில், கலானியோப்பு என்ற பெருந்தலைவர் தலைவர்களைக் கூட்டி, மகன் கிவலாவோவுக்கு ஆட்சியையும் தம்பி மகன் கமேஹமேஹாவுக்கு அதே போர்த்தெய்வத்தையும் கொடுத்தார். 1782-ல் மொக்குஓஹாய் போரில் கிவலாவோ இறந்தார். கமேஹமேஹா பிறகு எல்லாத் தீவுகளையும் ஒன்றாக்கினார். அன்று அந்தப் பள்ளத்தாக்கில் கூடியிருந்தவர்களுக்கு உமியின் கதை நன்றாகத் தெரியும் என்பதை மறந்துவிடக் கூடாது.

அண்ணனைக் கொன்றவரை எப்படி நல்ல அரசர் என்று சொல்கிறீர்கள்?

நான் சொல்லவில்லை, கதை சொல்கிறது. அதற்காக அது ஹாக்காவுவை நன்றாகக் கறுப்பாக்குகிறது. தம் அலைப்பலகையை உமி எடுத்தால், உன் தாய் தாழ்ந்தவள், இதைத் தொடாதே என்பாராம். மாலோவைக் கட்டினாலும் அதே பேச்சு. தந்தை இறந்த பிறகு இது பெருகவே, உமி தோழர்களுடன் வைப்புனாலேயி என்ற ஊருக்குப் போய்ப் பெயரை மறைத்து வாழ்ந்தார். உழுதார், மீன் பிடித்தார். பிடித்த முதல் மீனை எவருக்கும் தராமல் ஒளித்து வைத்திருந்த தெய்வத்துக்குப் படைத்தார். அந்தப் பழக்கமே காட்டிக்கொடுத்தது. காவோலேயியோக்கு என்ற பூசாரிக்குச் சந்தேகம் வந்தது. ஒரு பன்றியைக் கொண்டுவந்து மந்திரம் சொல்லி அவிழ்த்துவிட்டார்; அது நேராக உமியிடம் போய் நின்றது.

கவிழ்த்தது படை அல்ல, பசி. நுனு, ககோஹே என்று இரண்டு முதிய பூசாரிகள் ஹாக்காவுவிடம் உணவும் பானமும் கேட்டு ஆள் அனுப்பினார்கள். அவர் திட்டி அனுப்பினார். கிழவர்கள் நடந்து உமியின் இடத்துக்குப் போனார்கள். அங்கே வயிறாரச் சாப்பாடு கிடைத்தது. திரும்பி வந்ததும், ஹாக்காவுவின் ஆட்கள் எல்லாரும் காட்டுக்குப் போகும்படி ஒரு நாளை ஏற்பாடு செய்தார்கள். அன்று மலைச்சரிவில் வரிசையாக மனிதர்கள் மூட்டைகளோடு இறங்கி வந்தார்கள். தம் ஆட்கள்தான் திரும்புகிறார்கள் என்று ஹாக்காவு நினைத்துக்கொண்டார். மூட்டைகளுக்குள் கற்கள் இருந்தன.

நல்லவரா கெட்டவரா என்பதை உங்களிடமே விட்டுவிடுகிறேன். ஒன்று மட்டும் கவனியுங்கள்: கதையின் ஆரம்பத்தில் உமி அடி வாங்கியதும் உணவை அள்ளிக் கொடுத்ததற்காகத்தான், முடிவில் ஹாக்காவு உயிரை இழந்ததும் உணவை மறுத்ததற்காகத்தான்.

சொந்தத் தங்கையையே கல்யாணம் செய்துகொண்டாராமே, சீ!

கேட்பவர்களில் பாதிப் பேர் இந்த ‘சீ’யைச் சேர்த்தே கேட்கிறார்கள். லீலோவாவின் மகள் கப்புக்கினியை உமி மணந்தார், தாய் வேறு. பழைய ஹவாயில் இது குடிமக்களுக்கு உரிய வழக்கம் அல்ல, தலைவர்களுக்கு மட்டும் உரியது. பிள்ளையின் தகுதி தாய் தந்தை இருவரின் தகுதியையும் கூட்டி வருவது. இரண்டு பேரும் ஒரே உயர்ந்த வழியாக இருந்தால் பிள்ளையின் கப்பு உச்சத்துக்குப் போகும். உடன்பிறந்தவர்கள் கூடினால் ‘பியோ’, ஒரு பெற்றோர் மட்டும் பொதுவாக இருந்தால் ‘நஹா’ என்று ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயரே இருந்தது.

உமியின் சிக்கல் உங்களுக்கே தெரியும்: தாய்வழி தாழ்வு என்று அண்ணன் வாயால் கேட்டு வளர்ந்தவர். தம் பிறப்பை மாற்ற முடியாது, பிள்ளைகளின் பிறப்பை மாற்றலாம். கப்புக்கினியை மணந்ததால் பிள்ளைகளுக்கு இரு பக்கமும் லீலோவா தாத்தா. இன்னொரு மனைவி பியிக்கேயா மவுயி தீவின் பெருந்தலைவர் பியிலானியின் மகள். அந்தப் பிள்ளைகளுக்கு இரண்டு தீவுகளின் ரத்தம். மனைவியர் வேறு பலரும் இருந்தார்கள். ஆனால் வம்சாவளியில் பாரம் தாங்குவது இந்த இருவர்தான்.

அந்த மவுயி போரில் மரப்பொம்மைக்குப் பயந்து ஓடினார்களாமே?

பியிலானி இறந்ததும் அவருடைய மகன்கள் லோனோவும் கிஹாவும் மோதினார்கள். தோற்று ஓடிய கிஹா, அக்கா பியிக்கேயாவின் வீட்டுக்கு, அதாவது உமியிடம் வந்து சேர்ந்தார். மச்சானுக்காக உமி படகுப் படையுடன் கடல் தாண்டினார். ஹானா என்ற ஊரில் கடலை ஒட்டி நிற்கும் கவுயிக்கி குன்றுதான் எதிரியின் கோட்டை. இரவில் ஏற முயன்றவர்கள் மேலே பிரமாண்டமான ஒரு காவலன் நிற்பதைப் பார்த்துத் திரும்பிவிட்டார்கள். பியிமைவா மட்டும் நெருங்கிப் போய்த் தம் தடியைச் சுழற்றிப் பார்த்தார். அசையவில்லை. போட்டார் ஒரு போடு. டொக் என்று மரச் சத்தம். உள்ளே ஏறிக் கோட்டையைப் பிடித்தார்கள். கிஹா மவுயியின் பெருந்தலைவரானார். அந்தப் பொம்மைக்கு கவலாக்கியி என்று பெயர்கூட இருக்கிறது.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடத்தினார் என்பது கட்டுக்கதைதானே?

கல் இன்னும் இருக்கிறது. ஹுவலாலாய், மவுனா லோவா என்ற இரண்டு எரிமலைகளுக்கு இடையே, கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், குடியிருப்பே இல்லாத வறண்ட மேட்டில் ‘அஹு-ஆ-உமி’, அதாவது உமியின் கற்குவியல் உள்ளது. கோனா, கோஹாலா, ஹமாக்குவா, ஹிலோ, புனா, கவூ என்ற ஆறு மாவட்டத்து மக்களும் அங்கே வந்து, தலைக்கு ஒரு கல் வீதம் தங்கள் மாவட்டக் குவியலில் போட்டார்கள் என்பது வழிவழியான செய்தி. எந்தக் குவியல் பெரிதோ அந்த மாவட்டத்தில் ஆள் அதிகம். அமெரிக்கக் கடற்படை அதிகாரி வில்க்ஸின் ஆய்வுப் பயணக் குழு 1840-41-ல் தீவுக்கு வந்தபோது இதைப் பதிவு செய்தது.

எல்லா மாவட்டங்களுக்கும் ஏறக்குறைய நடுவில் இருக்கும் மேடு அது. உமியும் வைப்பியோவை விட்டு மேற்குக் கரையில் கோனாவுக்கு இருக்கையை மாற்றியிருந்தார். கணக்கெடுப்பு என்பதைவிட, ஆறு மாவட்டத்துக்காரர்களையும் ஒரே இடத்துக்கு நடக்க வைத்ததுதான் பெரிய விஷயம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒவ்வொரு கல்லும் நான் உமியின் ஆள் என்று சொல்லிக் கீழே விழுந்த கல்.

இதெல்லாம் எந்த வருடம் நடந்தது? ஒருவர் 1500 என்கிறார், இன்னொருவர் 1600 என்கிறார்.

வருடக் கணக்கு அவர்களிடம் இல்லை, தலைமுறைக் கணக்குதான் உண்டு. உமிக்கு ஒன்பதாவது தலைமுறையில் கமேஹமேஹா. அவர் 18-ம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிறந்தவர். 1750 என்று வைத்துக்கொண்டு பின்னால் எண்ணுங்கள். தலைமுறைக்கு 20 ஆண்டு என்றால் 180 ஆண்டு கழித்து உமி பிறந்தது 1570 வாக்கில். 30 ஆண்டு என்றால் 270 கழித்து 1480. ஒரே வம்சாவளி, 90 ஆண்டு வித்தியாசம். உங்களிடம் இரண்டு பேர் இரண்டு வருடம் சொன்னதற்குக் காரணம் இதுதான்.

19-ம் நூற்றாண்டில் இந்தக் கதைகளைத் தொகுத்த ஸ்வீடன் நாட்டுக்காரர் ஆப்ரஹாம் ஃபோர்னாண்டர் 30 ஆண்டுக் கணக்கை எடுத்துக்கொண்டார். உமியின் மகன் கேயாலியியோகாலோவா காலத்தில் கோனா கரையில் ஒரு அந்நியக் கப்பல் உடைந்ததாக வரும் கதையை, 1527-ல் மெக்சிகோவிலிருந்து கிளம்பிய ஸ்பானியக் கப்பல்களோடு முடிச்சுப் போட்டார். அந்த முடிச்சைப் பின்வந்த ஆய்வாளர்கள் அவ்வளவாக நம்பவில்லை. பெரும்பாலும் 20 ஆண்டுக் கணக்கின் பக்கம் சாய்கிறார்கள். எனவே ‘16-ம் நூற்றாண்டு, முன்னே பின்னே’ என்று சொல்லிவிட்டு நகர்வதே என் வழக்கம்.

எழுத்தே கிடையாது என்கிறீர்கள். பத்துத் தலைமுறைப் பெயர் எப்படித் தப்பாமல் வந்தது?

மனப்பாடம். ‘கூ-அவுஹாவு’ என்று வம்சாவளி சொல்வதையே தொழிலாகக் கொண்டவர்கள் தலைவர்களின் அவையில் இருந்தார்கள். கணவன் பெயர், மனைவி பெயர், பிள்ளை பெயர், பிறகு அந்தப் பிள்ளையின் துணை என்று சந்தத்தோடு ஓதுவார்கள். ‘ஹாலே நவூவா’ என்ற வீட்டில், நானும் தலைவர் குலம் என்று வருபவரை உட்காரவைத்து, யார் வழி வந்தாய் என்று கேட்டுச் சோதிப்பார்கள். பதில் பிசகினால் வெளியேதான்.

இதன் உச்சம் ‘குமுலிப்போ’ என்ற ஓதுபாட்டு. 2,102 வரிகள். இருளில் தொடங்கி, பவளப்பூச்சி, மீன், செடி, பறவை என்று உயிர்கள் ஒவ்வொன்றாகப் பிறந்து, மனிதர் வந்து, பெயர்ப் பட்டியல்களாக விரிந்து கடைசியில் ஒரு குழந்தையின் பெயரில் முடியும். அந்தக் கடைசிப் பகுதியில் உமியும் பியிக்கேயாவும் அவர்களின் மகன் குமாலாயேயும் வருகிறார்கள். 1889-ல் அரசர் கலாக்காவுவா இதை அச்சில் வெளியிட்டார். 1897-ல் அவருடைய தங்கை, பதவி பறிக்கப்பட்ட ராணி லிலியுவோக்கலானி, ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டார். நாட்டைப் பறிகொடுத்த ராணி வம்சாவளியை அச்சிட்டது பொழுதுபோக்குக்காக அல்ல.

கமேஹமேஹாவுக்கு உமி என்ன உறவு? ஒரே மூச்சில் சொல்லுங்கள்.

உமியின் மகன் கேயாவேநூயி. அவர் மகன் கனலோவாக்குவானா. அவர் மகன் கேயாக்கேயாலானி-கானே. அவர் மகள் கேயாக்கமஹானா. அவர் மகள் கேயாக்கேயாலானி-வஹினே. அவர் மகன் கேயாவே. அவர் மகன் கேயேயாவுமோக்கு. அவர் மகன் கேயோவுவா. அவர் மகன் கமேஹமேஹா. மூச்சு வாங்கிக்கொள்ளுங்கள்.

நடுவில் தாய், மகள் என்று இரண்டு பெண்கள் வருவதைக் கவனியுங்கள். இருவரும் ஆட்சித் தலைமை வகித்தவர்கள். மகன் பிறக்காததால் போட்ட ஒட்டுப் பெயர்கள் அல்ல. கேயாக்கேயாலானி-வஹினேயின் பிள்ளைகள் கேயாவேயும் கலானிகவுலேலேயும் தாய் ஒன்று, தந்தை வேறு. அவர்களே மணந்து பெற்றவர்தான் கேயேயாவுமோக்கு. (ஏன் என்பதற்குத் தங்கை கேள்வியின் பதிலைப் பாருங்கள்.) இன்னொரு கணவர் வழியாக அதே கலானிகவுலேலேயின் சந்ததியில்தான் கலாக்காவுவாவும் லிலியுவோக்கலானியும் வருகிறார்கள். ஆக, ஒன்றாக்கிய முதல் அரசரும் 1893-ல் கவிழ்க்கப்பட்ட கடைசி ராணியும் உமியின் கொடிதான்.

லோனோயிகமகஹிக்கி என்ற பெயர் மூன்று இடத்தில் வருகிறதே. ஒரே ஆளா?

இல்லை. லோனோ ஒரு தெய்வம். மகஹிக்கி என்பது போர் நிறுத்தி வரி திரட்டி விளையாடும் மாதங்கள். அந்தப் பெயரைத் தாங்கிய தலைவர் ஒருவர், கேயாவேநூயியின் மகன், உமியின் பேரன். பல தலைமுறை கழித்துக் கேயாவேயின் மகன் கலானினூயியாமமாவோவுக்கும் அதே பெயர் சூட்டப்பட்டது. குமுலிப்போவின் கடைசி வரி இந்தக் குழந்தையைத்தான் குறிக்கிறது.

பேரனைப் பற்றிப் பிரபலமான கதை ஒன்று உண்டு. மனைவி காயிக்கிலானியோடு மொலோக்காயில் கொனானே ஆடிக்கொண்டிருந்தார். கறுப்பு, வெள்ளைக் கற்களை வைத்து ஆடும் பலகை ஆட்டம் அது. மேலே மலையிலிருந்து யாரோ அவள் பெயரையும் ஒரு காதலன் பெயரையும் சேர்த்துக் கூவ, பலகையாலேயே மனைவியின் தலையில் அடித்துவிட்டார். பிறகு பிரிவு, வருத்தம், சமாதானம். காயிக்கிலானியும் உமியின் வழி வந்தவர். பட்டத்துக்குரியவர் உண்மையில் அவர்தான்.

வென்றவர்கள் சொன்ன கதைதானே இது? உமி நிஜமாகவே லீலோவாவின் மகனா?

இந்தக் கேள்விக்காகத்தான் மற்றவற்றை எழுதினேன் என்றுகூடச் சொல்லலாம். கதையை நமக்கு எழுதி வைத்தவர்கள் டேவிட் மாலோ, சாமுவேல் கமாக்காவு போன்ற ஹவாய்க்காரர்கள். 1820-ல் மிஷனரிகள் வந்து எழுத்து பரவிய பிறகு, கிழவர்களிடம் கேட்டு எழுதியவர்கள். கமாக்காவு தம் மொழிப் பத்திரிகைகளில் வாரந்தோறும் எழுதினார். அப்போது ஆட்சியில் இருந்தது உமியின் கொடி. கதையில் கல்லடி பட்டுச் செத்த ஹாக்காவுக்குப் பரிந்து பேச யார் மிஞ்சியிருப்பார்கள்?

இலை மாலோ, மடியில் ஏறி உட்கார்ந்தது, பன்றி தேடி வந்தது எல்லாமே, தாய்வழி தாழ்ந்தவர் என்ற ஒரே குற்றச்சாட்டுக்குச் சொல்லப்பட்ட பதில்கள். பதில் இவ்வளவு நீளமாக இருந்தால் கேள்வி எவ்வளவு உரக்க ஒலித்திருக்கும் என்று ஊகிக்கலாம். முழுக்க இட்டுக்கட்டுவதானால் தாயை இளவரசியாக்கியிருப்பார்கள். அப்படிச் செய்யாமல் ஓடைக்கரையிலேயே விட்டிருக்கிறார்களே, அதனால் தாயைப் பற்றிய பகுதியை நான் நம்புகிறேன். தந்தை விஷயத்தில், லீலோவா ஒப்புக்கொண்டார், பூசாரிகள் ஒப்புக்கொண்டார்கள், ஆறு மாவட்டமும் கல் போட்டது. அந்த ஊர் முறையில் மகன் என்பதற்கு அதற்கு மேல் சான்று கிடையாது.

லீலோவா, உமி பயன்படுத்திய பொருள் ஏதாவது மிச்சம் இருக்கிறதா?

ஹொனலுலுவில் பிஷப் அருங்காட்சியகத்தில் ‘காயேயி கப்பு’ என்ற இறகுக் கச்சை இருக்கிறது. மஞ்சளும் சிவப்புமான சிறு இறகுகளை வலைநூலில் கட்டிச் செய்தது. ஓரத்தில் மனிதப் பற்கள் பதித்திருக்கும். லீலோவா உமிக்குக் கொடுத்தது, வழிவழியாகக் கமேஹமேஹாவிடம் வந்தது என்பது மரபு. ஹொனலுலுவில் 1883-ல் திறந்த கமேஹமேஹா சிலையைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். அதன் உடலில் சுற்றித் தொங்குவது இந்தக் கச்சையின் உருவம்தான்.

எலும்புகளைக் கூடத் திருடிவிட்டார்களாமே?

‘திருடினார்கள்’ என்ற சொல்லை ஹவாயில் பார்த்துப் பயன்படுத்துங்கள். தலைவரின் எலும்பில் அவருடைய ஆற்றல் தங்கும் என்பது நம்பிக்கை. எதிரி கையில் கிடைத்தால் தூண்டில் முள்ளாக்கி அவமானப்படுத்துவான். எனவே மறைப்பதுதான் மரியாதை. லீலோவாவுடையதாகவும் மேலே சொன்ன பேரன் லோனோவுடையதாகவும் கருதப்படும் எலும்புகள், தென்னைநாரில் மனித உருவமாகப் பின்னிய ‘கா-ஆயி’ என்ற பேழைகளில் இருந்தன. வைப்பியோவிலிருந்து ஹோனவுனாவுக்கும், அங்கிருந்து 1829-ல் ஒரு குகைக்கும், 1858-ல் ஹொனலுலுவின் அரச கல்லறைக்கும், பிறகு பிஷப் அருங்காட்சியகத்துக்கும் போயின. 1994 பிப்ரவரியில் அங்கிருந்து காணாமல் போயின. வைப்பியோவுக்கே திரும்பிப் போய்விட்டன என்று பரவலாகச் சொல்கிறார்கள்.

உமியின் எலும்புகளுக்கு இந்த அலைச்சல் இல்லை. அவர் இறந்ததும் தோழர் கோயி, வேலியேறிக் குதித்த நாளில் கூட வந்த அதே கோயி, உடலை இரவோடிரவாக எடுத்துக்கொண்டு போனார். எங்கே வைத்தார் என்று யாரிடமும் சொல்லவில்லை.